முசாஃபா, அறை 14

அப்போஸ்தலரோடு வரங்கள் ஓய்ந்தன என்று
எங்கள் சபையில் படித்தவன் நான்.
மேல்கட்டிலில் லிவிங்ஸ்டன்
போர்வைக்குள் அந்நியபாஷை பேசுகிறான்;
ஏசியைவிடச் சத்தம்.
காலை நாலரைக்குப் பஸ்.
கட்டிலை உதைத்தேன். நிற்கவில்லை.

கதவைத் தட்டினான் காவலாளி வாஸ்வா,
உகாண்டாக்காரன்.
திட்டத்தான் வந்தான்; நின்றுவிட்டான்.
"இவன் ஏன் எங்கள் ஊர்ப் பேச்சில்
உப்பு கேட்கிறான்?"
ஒரே சொல்தானாம். மற்றதெல்லாம் வெறும் இரைச்சல்.

சைட்டில் எங்காவது கேட்டிருப்பான் என்றேன்.
இருக்கும் என்றான் வாஸ்வா.
கண் திறந்த லிவிங்ஸ்டனுக்குத்
தான் சொன்னது எதுவும் தெரியவில்லை.
முகம் நனைந்திருந்தது,
வியர்வையா அழுகையா, நான் கேட்கவில்லை.

இந்த மாதச் சாமான் சீட்டில்
அரிசிக்கு மேலே உப்பு எழுதினேன்,
பழைய பாக்கெட் பாதிகூடத் தீராமல்
அலமாரியில் இருக்க.