பின்சக்கரத்துச் சில்வண்டு

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை.
ஹெப்டன் பிரிட்ஜுக்கு மேலே, காட்டில்,
பீச் மரங்களுக்கு இன்னும் இலை வரவில்லை.
வேர்கள் மட்டும் வந்திருந்தன,
பாதைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு.
முன் பிரேக்கை நம்பாதே, பின்னால் தள்ளி உட்கார்,
கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
மரத்தைப் பார்த்தேன்.
மரத்துக்கே போனேன்.
தோள்பட்டையில் பாசி. வேறொன்றுமில்லை.

பிறகு பண்ணை வழி. எட்டு கேட்.
நைலான் கயிறு, வளைந்த கம்பி,
தூக்கினால் மட்டும் திறக்கும் ஒன்று,
திறந்தால் மூட மனசில்லாத ஒன்று.
ஆடுகள் மென்றபடி
என் ஹெல்மெட்டை மதிப்பிட்டன.
சேறு எது சாணி எது என்று
பிரிக்க முடியாத ஏதோ
பல்லில் கொஞ்சம்.

வேலி வெட்டிய டிராக்டர்
ஹாதார்ன் முட்களைச் சிந்திவிட்டுப் போயிருந்தது,
நெருஞ்சிக்குப் பெரியப்பா மாதிரி.
கால்வாய்க் கரையில் இறங்கியதும்
பின்சக்கரம் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.
மாற்று டியூபும் ஒட்டும் சாமானும்
ஹாலிஃபாக்ஸில், சமையலறை மேசைமேல்,
மறக்கக்கூடாது என்று எடுத்துவைத்த இடத்திலேயே.

டயருக்குள் முறிந்த முள் நகத்துக்குச் சிக்கவில்லை.
வேலியில் இன்னொன்றை ஒடித்துக் குடைந்தேன்.
முள்ளை முள்ளால்தான் என்று
அலுவலகச் சண்டைகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்,
செய்தது இதுதான் முதல் தடவை.
வந்தது.
ஓர் அரிசி நீளம்.

டாட்மர்டன் பக்கம் உருட்டிக்கொண்டு நடந்தேன்.
கூடவே ஒரு படகு. பச்சை. கூரையில் கரி மூட்டை.
படகின் வேகமும்
பஞ்சரான ஆளின் வேகமும் ஒன்று என்பதால்
ஒருவரையொருவர் முந்த முடியாமல்
பார்க்காத மாதிரி
கால் மணி நேரம் போனோம்.

சுக்கான் பிடித்தவன் நெஞ்சில்
துணியால் கட்டிய குழந்தை, வாய் பிளந்து.
நான் வாயெடுத்ததும்
அவன் விரல் உதட்டுக்குப் போனது.
என் டயரைக் காட்டினேன்.
அவன் எதிரே மூடிக்கிடந்த மதகைக் காட்டினான்,
பிறகு குழந்தையை,
பிறகு தன் கண்ணுக்குக் கீழிருந்த கருப்பை.
ஒப்பந்தம் முடிந்தது.

மதகுக் கதவின் உத்திரத்துக்கு
முதுகைக் கொடுத்துத் தள்ளினால்
முதலில் அது நம்மைத் தள்ளும்.
பிறகு, எந்த நொடியில் என்று தெரியாமல்,
சம்மதிக்கும்.
உள்ளே புரண்ட தண்ணீரின் இரைச்சலுக்கு
குழந்தை அசையவில்லை.
தொப்பி, மூக்கு, பிஞ்சுத் தலையின் நாலு முடி என்று
தவணைமுறையில் மேலே வந்தார்கள்.

அவன் நீட்டிய தகர டப்பியில் பசையும் ஒட்டும்.
காற்றடித்த டியூபைக் கால்வாயில் அழுத்தினேன்.
ஒரே இடத்திலிருந்து குமிழ்கள்,
கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டன.
ஒட்டு காயும்வரை
அவன் கூரையின் கரித்தூசியில் விரலால் எழுதினான்:
மார்னி. பதினோரு வாரம்.
அதன் கீழே நான்:
நித்திலா. நாற்பத்து மூன்று.
அவன் சிரிப்பை முழுங்கியதில்
குழந்தை ஒரு முறை ஏறி இறங்கியது.

சக்கரத்தைப் பூட்டிச் சுழற்றிப் பார்த்தேன்.
டிக்டிக்டிக்டிக்.
மதகுக்கு அசையாதவள்
புருவம் சுளித்தாள்.
ஆரக்கால்களைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.
மூவரும் மூச்சு விடவில்லை.

திரும்பும் வழி, மதகுக்கு மதகு இறக்கம்.
சும்மா உருண்டால் அந்தச் சில்வண்டு கத்தும்.
அதனால் இறக்கத்திலும் மிதித்தேன்,
பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மிதித்தேன்,
பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள்.
பாலம் தாண்டி, எஞ்சின் சத்தம் கரைந்த பிறகு
காலை நிறுத்தினேன்.

அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தது.
கரையில் நின்ற நாரை
பக்கத்து வீட்டுக்காரர் போலத் திரும்பிப் பார்த்தது.

ஏழாவது கேட்டை
மூடினேனா என்று
அப்போதுதான் தோன்றியது.