அலாவோவுக்கு மூன்றை அழுத்தவும்

அச்சாவோ படகுத்துறையில்
டிக்கெட் கிழிப்பது என் வேலை.
கிழித்த நேரம் போக மீதியெல்லாம்
தொலைபேசிக்குப் பதில்:
அலாவோ படகு எத்தனை மணிக்கு,
கெனாக் படகு போய்விட்டதா,
மெயுலினுக்கு ஆட்டை ஏற்றலாமா.

ஏற்றலாம். கட்டித்தான் ஏற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு கணினி வந்தது.
"எர்சிலியா, நீதான் நிரல் படிக்கிறாயே,
இனிமேல் இது பேசட்டும்" என்றார் முதலாளி.

முதலில் 'என்றால்'களால் எழுதினேன்.
ஒன்று என்றால் இது. இல்லையென்றால்,
இரண்டு என்றால் இது. இல்லையென்றால்,
மூன்று என்றால்...
ஆறாவது தீவுக்குப் போவதற்குள்
வரிகள் திரையின் வலது ஓரத்தில்
முட்டிக்கொண்டு நின்றன.
கதவு கதவாகத் தட்டி
இந்த வீடா, இந்த வீடா என்று கேட்கும்
புதுத் தபால்காரன் மாதிரி.

பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில்
ஸ்விட்ச் இருந்தது.
ஒரே தரம் கேட்கும்: எந்த எண்?
கேட்டதும் நேரே அந்தக் கேஸின் முன்னால் போய் நிற்கும்.
கேஸ் ஒன்று, லிங்குவா.
கேஸ் இரண்டு, கெனாக்.
மூன்று அலாவோ, நான்கு அப்பியாவோ,
ஐந்து ககுவாச், ஆறு மெயுலின்.
எதிலும் சேராத எண்ணுக்குக் கடைசியில் டிஃபால்ட்:
'அப்படி ஒரு தீவு இல்லை. நன்றி.'

எழுதி முடித்து மாத்தே குடித்தேன்,
இரண்டு குவளை.

இரண்டாம் நாள் சன்னலுக்கு வந்தார்
நெல்சோன் கொலிவோரோ,
யாருடைய படகிலோ தொற்றிக்கொண்டு,
கடற்பாசி மூட்டையோடு.

"மூன்றை அழுத்தினேன்.
அலாவோ படகு மூன்றரைக்கு என்றது. சரி.
நிறுத்தவில்லை. அப்பியாவோ நாலு மணி என்றது.
ககுவாச், செவ்வாயும் வெள்ளியும் என்றது.
மெயுலின், ஆட்டைக் கட்டி ஏற்றவும் என்றது.
கடைசியில், அப்படி ஒரு தீவு இல்லை, நன்றி
என்று சொல்லி வைத்துவிட்டது.
ஐம்பத்தெட்டு வருஷமாக நான்
எங்கே குடியிருக்கிறேன், சொல்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்
அழாத குறையாகத் திரையைப் பார்த்தேன்.

எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.
எழுதாத ஒன்று கண்ணில் படவில்லை.
இல்லாதது எப்படிப் படும்?

பிரேக்.
ஒவ்வொரு தீவின் முடிவிலும்
ஒற்றைச் சொல், ஓர் அரைப்புள்ளி.
அது இல்லாவிட்டால் இயந்திரத்துக்கு
நிற்கத் தெரியாது.
சரியான துறையில் நுழைந்த படகு
கயிறு வீச ஆளில்லாமல்
அடுத்த துறைக்கும் அதற்கடுத்ததற்கும்
இழுபட்டுப் போய்
வரைபடத்தை விட்டே வெளியேறிவிடும்.

ஆறு கயிறு வீசினேன்.
நெல்சோனை அழுத்தச் சொன்னேன்.
அலாவோ, மூன்றரை. பிறகு மௌனம்.
"இப்போது இருக்கிறது" என்றார்,
மூட்டையைத் தூக்கிக்கொண்டு.

ஜூலையில் வடகாற்று.
கடற்படைக்காரர்கள் துறைமுகத்தை மூடினார்கள்.
ஒன்றுக்கும் படகில்லை, ஆறுக்கும் படகில்லை.
ஒரே வாக்கியத்தை ஆறு இடத்தில்
எழுத உட்கார்ந்தேன்.
இரண்டாவதில் கை நின்றது.

நேரங்களை அழித்தேன். பிரேக்குகளையும் அழித்தேன்,
இந்த முறை தெரிந்தே.
கேஸ் ஒன்று, கேஸ் இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்து, ஆறு,
நடுவில் எதுவும் இல்லாமல்
ஒன்றின் தலைமேல் ஒன்று.
எல்லாத் தீவும் வழுக்கி வந்து விழும் இடத்தில்
ஒரே வரி:
'இன்று யாரும் போக முடியாது.'
அதன் கீழே ஒரே ஒரு பிரேக்.

டிஃபால்ட்டுக்கு வந்ததும் யோசித்தேன்.
பூஜ்ஜியத்தை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்,
நட்சத்திரக் குறியை அழுத்துகிறவர்கள்,
எதையும் அழுத்தாமல்
மூச்சு மட்டும் விடுகிறவர்கள்.
'அப்படி ஒரு தீவு இல்லை'யை எடுத்துவிட்டு
என் மேசைத் தொலைபேசி எண்ணைப் போட்டேன்.

இருட்டுவதற்குள் பதினோரு அழைப்பு.
ஒருவருக்கும் படகு வேண்டியிருக்கவில்லை.
அப்பியாவோவில் மின்சாரம் இல்லையாம்.
கெனாக்கில் ஒரு கூரைத் தகடு
பக்கத்து வீட்டு உருளைக்கிழங்கில் இறங்கியிருக்கிறதாம்.
"சரி, மற்றபடி?" என்று கேட்டேன்
ஒவ்வொருவரிடமும்.
மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள்.
சொல்லிவிட்டு
வைக்கவில்லை.