ஓரக்குறிப்பு

பம்புக் கொட்டகையில் இரவுப் பணி.
இங்கிலாந்தின் கிழக்கில், கடலைவிடத் தாழ்ந்த வயல்கள்;
ஆறு எங்கள் தலைக்கு மேலே ஓடுகிறது.
மேசை இழுப்பறையில் இரண்டு புத்தகங்கள்,
ஃபியூஸ் கம்பிக்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் நடுவே.

ஒன்று பாதிரியார் ஜோசயா பெல் எழுதியது.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று, மார்ச், வியாழன்:
நாணலுக்குள் எருதுபோல் முழங்கிய குருகைச்
சுட்டிருக்கிறார்.
பிறகு அதை மடியில் கிடத்தி
கழுத்திறகுகளை ஒவ்வொன்றாக விலக்கி
நிறத்துக்குப் பெயர் தேடியிருக்கிறார்.
காய்ந்த புகையிலை என்று எழுதி, அடித்து,
நனைந்த வைக்கோல் என்று மாற்றியிருக்கிறார்.
எடை மூன்று பவுண்டு.
இரைப்பையில் விலாங்குகள். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்ததாம்.
அதை வாய்க்காலில் விட்டுவிட்டு
இரவுச் சாப்பாட்டுக்குப் போனார்.

மற்றது ஹெஸ்டர் லவ்டே,
நூற்று முப்பத்தேழு வருடம் கழித்து.
துப்பாக்கி இல்லை, பைனாகுலர்.
நாற்பது இரவு ஈரக் கோணிமேல் படுத்துக் கிடந்தாள்.
குருகு வரவில்லை.
வராததை முந்நூறு பக்கம் எழுதினாள்.

இருபது வயதில் படித்தபோது
பாதிரியாரின் ஓரத்தில் பென்சிலால்
'கொலைகாரன்' என்று எழுதினேன்.
ஹெஸ்டரின் ஓரமெல்லாம்
ஆமாம், ஆமாம், ஆமாம்.

இப்போது ஐம்பத்தெட்டு. இரண்டு முறை கண்ணாடி மாற்றியாயிற்று.
ஹெஸ்டரின் கோபம் இன்னும் சுடுகிறது.
ஆனால் அவள் முதுகுவலி தெரிகிற அளவுக்குப்
பறவை தெரியவில்லை.
பாவம், பார்க்க அவளுக்கு என்ன மிச்சம் இருந்தது?
குருகின் நகம் எப்படி வளையும் என்று
எனக்குச் சொன்னது சுட்டவர்தான்.
சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

குருகுகள் திரும்பிவிட்டன.
போன வசந்தத்தில், மடைக்கு அப்பால், மூன்று முறை கேட்டேன்.
ஹெஸ்டர் இறந்து பதினோரு வருடம்.

அழிப்பானை எடுத்தேன். பழைய தாள்.
'கொலை' கிழிந்து வந்துவிட்டது.
'காரன்' அங்கேயே நிற்கிறான்.

இரண்டு பத்துக்கு நீர்மட்டம் ஏறி
பம்பு தானாக உறுமியது.
அக்டோபர், நிலவில்லாத இரவு.
விலாங்குகள் கடலுக்குக் கிளம்பும் நேரம்;
கடலுக்குப் போகிற வழி
என் பம்பின் தகடுகளுக்கு ஊடே.
நிறுத்தினால் கோட்டபெட்டின் உருளைக்கிழங்கு வயலும்
என் தங்கை வீட்டுச் சமையலறையும்
விடிவதற்குள் தண்ணீரில்.
நிறுத்தவில்லை.

காலையில் கம்பிவலையிலிருந்து வாளியில் அள்ளினேன்.
பதிவேட்டில் இதற்குக் கட்டம் கிடையாது:
மழை, டீசல், மட்டம், கையெழுத்து.
ஓரத்தில் எழுதினேன்:
விலாங்கு, துண்டுகளாக. ஒன்பது இருக்கலாம்.
வயிறு வெள்ளி.
முதுகின் நிறத்துக்கு வெகுநேரம் யோசித்தேன்.
அணைந்த பல்பு என்று எழுதி, அடித்தேன்.

கையெழுத்துப் போட்டாயிற்று.
பக்கத்தில், ஒரு பென்சிலுக்குப் போதுமான அளவு,
இன்னும் இடம் இருக்கிறது.