பன்னிரண்டே முக்காலுக்குள்

ஒரு மணிக்குக் கராத்தே வகுப்பு.
ஆகவே பன்னிரண்டே முக்காலுக்குள்
ஆலயத்தை மடித்துக் காருக்குள் வைத்துவிட வேண்டும்:
மேசை விரிப்பு, இரண்டு ஸ்பீக்கர், தேநீர்க் கொதிகலன்,
கழற்றி மாட்டும் சிலுவை ஒன்று, நான்கு திருகாணியோடு.
மூன்றாவது திருகாணி முதல் மாதமே தொலைந்துபோனது.
குவோக் அந்த ஓட்டையில்
ஒரு பென்சில் துண்டைச் செருகியிருக்கிறார்.
நிற்கிறது.

மில்டன் கீன்ஸில் எங்கு திரும்பினாலும் ரவுண்டானா.
எங்கள் பள்ளிக்கூட ஹாலுக்கு வருகிறவர்கள்
ஒரே இடத்தை இரண்டு முறை சுற்றித்தான் வந்து சேர்கிறார்கள்.
போன வருஷம் வயலாகக் கிடந்த இடத்தில் இருநூறு வீடு.
வரைபடத்துக்கே இன்னும் தெரியாத தெருக்கள்.
ஃபோலாரின் பாஸ்டருக்குத் தெரியும்,
வாரநாளில் பார்சல் வேன் ஓட்டுகிறார்.

முதல் ஞாயிறு ஒன்பது பேர்.
அதில் ஒருவர் கராத்தேக்கு நேரம் மாறி வந்தவர்.
உட்கார்ந்துவிட்டார்.
இப்போது காணிக்கை எண்ணுவது அவர்தான்.

தரையில் பாட்மின்டன் கோடுகள்.
பச்சைக் கோட்டருகே பெஹ்னூஷ்,
ஞானஸ்நானம் எடுத்ததை
ஷிராஸிலிருக்கும் தங்கைக்கு இன்னும் சொல்லாதவள்.
சிவப்புக் கோட்டின் மேல் டொரினா,
காலால் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டே
கையால் பாட்டுத்தாளைத் திருப்புவாள்.
என் பெயரின் முதல் எழுத்து ஒருவர் வாயிலும் நுழையவில்லை.
ஞா.
பாஸ்டர் கண்ணாடி முன் நின்று பழகி வந்து சொன்னார்.
பூனை கூப்பிட்டது போலிருந்தது.
போதும், திரும்பிப் பார்ப்பேன் என்றேன்.

ஆறாவது மாதம் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது.
எனக்கு வாயெல்லாம் பல்.
தேநீர் நேரத்தில் அவர் கேட்டார், எந்த ஊர்?
சொன்னேன்.
ஊருக்குள்ளே எந்தப் பக்கம்?

நைஜீரியா கேட்காத கேள்வி.
ஈரான் கேட்காதது.
எங்கள் ஊரில் ஒரே ஆலயம், ஒரே ஆண்டவர்,
கல்லறைத் தோட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு சுவர்.
அப்பாவைச் சுவரின் எந்தப் பக்கம் வைத்தோம்
என்பதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

இங்கேயும் நிறையக் கோடு இருக்கிறது சார், என்றேன்.
எல்லாம் பாட்மின்டனுக்கு.

அவர் கார் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.
அவர் மனைவி போகவில்லை.
ஒரு வார்த்தை பேசாமல்
பதினான்கு நாற்காலி மடித்துச் சுவரோரம் அடுக்கினாள்.

அடுத்த ஞாயிறு வந்தார்கள்.
அப்பத் தட்டு என் முறை.
வரிசையில் அவர் என் முன் வந்து நின்றபோது
அவர் கை பாதி வழியில் தயங்கியது.
எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை
என்றால் பொய்.
பிறகு எடுத்தார். மென்றார்.
டொரினா அன்று உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டிருந்தாள்.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை
அவரவர் மொழியில் சொல்வது எங்கள் வழக்கம்.
ஒன்றாகத் தொடங்குவோம்.
ஒன்றாக முடிப்பதில்லை.
ஆங்கிலம் முதலில் இறங்கிவிடும்,
பின்னாலேயே கான்டனீஸ்,
யோருபாவும் ருமேனியனும் ஏறக்குறைய சேர்ந்து,
ஆமென், ஆமென் என்று
வெவ்வேறு நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் போல.
தமிழ்தான் கடைசி. நம் சொற்களுக்கு வால் நீளம்.
ஆறு மாதமாக அந்த அமைதிக்குள்
நான் ஒருத்தி மட்டும் ஓடிக்கொண்டிருப்பேன்,
ஹால் முழுவதும் கண்ணை மூடிக் காத்திருக்கும்.

அன்று என்னோடு இன்னொரு குரல் ஓடியது.
ஆண் குரல். கொஞ்சம் கரகரப்பு.
கடன்களை மன்னிக்கக் கேட்கும் இடத்தில் இருமியது.
எனக்கு அது பிடித்ததா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

வெள்ளை உடுப்பில் சிறுவர்கள் கண்ணாடிக் கதவைத் தட்டுகிறார்கள்.
சிலுவையை அவர் ஒரு பக்கம் பிடிக்கிறார்.
பார்த்து சார்,
மூன்றாவது, பென்சில்.