வாக்கு, மூலம்

மாயவரம் கோர்ட் வாசலில்
ஜெராக்ஸ் கடைக்கும் நோட்டரிக்கும் நடுவே என் மேஜை.
நேற்று மதியம் சட்டநாதன் சார் வந்து நின்றார்.
சீர்காழிச் சாமி பெயர் அது,
சட்டத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று
புது ஜட்ஜ் வரும்போதெல்லாம் ஒருமுறை சொல்வார்.
ஜட்ஜும் ஒருமுறை சிரிப்பார்.

"ஒரே பக்கம், ஜெகதா.
திருப்பிப் பாக்க மாட்டானுங்க."

வக்கீல் சங்கத் தேர்தல், கார்த்திகை ஒண்ணாம் தேதி.
தலைவர் பதவிக்கு மறுபடியும் நிற்கிறார்.
மொத்தம் இருநூற்றுப் பதினோரு ஓட்டு,
அதில் நாற்பது பேருக்கு வழக்கே கிடையாது;
அன்றைக்கு மட்டும் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வருவார்கள்.
எதிரே நிற்பவர் கார் நிறுத்த ஷெட் போடுவாராம்.
கேண்டீனில் மீன் குழம்பு வருமாம்.

இவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
இருபத்தெட்டு ஆண்டு அனுபவம்.
ஆறு ஆண்டு அரசு வழக்கறிஞர்.
நூற்று நாற்பத்தோரு வழக்கில் தண்டனை.

அந்த ஆறு எப்படி முடிந்தது என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆட்சி மாறிய மறுவாரம்
அறைக்கதவில் பெயர்ப்பலகை கழற்ற வந்தவன்
திருப்புளி எடுத்து வரவில்லை;
சாரே பைக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
புதுப் பலகையும் அதே நாலு ஓட்டையில்தான் ஏறியது.
பிறகு எதிர்ப்பக்க நாற்காலி.
தான் உள்ளே அனுப்பியவனின் தம்பிக்குத்
தானே ஜாமீன் மனு.
ஃபீஸ் முழுசாக வந்ததாகக் கேள்வி.

"நூத்தி நாப்பத்தொண்ணு. கொட்டை எழுத்துல போடு."
போட்டேன்.
"விடுதலையானது சார்?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதை அவனுங்க அச்சடிப்பானுங்க."

எனக்குத் தெரிந்தது ஒன்று.
செம்பனார்கோவில் பக்கம், மடை திறந்த தகராறு,
மண்வெட்டிக் காம்பால் ஓர் அடி, ஓர் ஆள்.
பார்த்தவள் தைலம்மை.
அவள் வாக்குமூலத்தின் நகல் நான் அடித்தது.
விசாரணை அன்று நடவு; மினி பஸ்ஸும் வரவில்லை.
ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்க
சேறு காய்ந்த காலோடு வந்து நின்றாள்.
கோர்ட் கலைந்திருந்தது.

இவர் வாய்தா கேட்டு வாங்கினார். கேட்டார்தான்.
மூன்றாவது வாய்தாவில் கூண்டேறி
"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றாள்.
பிறழ்சாட்சி.
என் பழைய மெஷினில் ழகரம் தேய்ந்திருந்தது,
பேனாவால் சரி செய்தேன்.
அவள் குடியிருந்தது எதிரியின் மனைக்கட்டில்.
அது தீர்ப்பில் இல்லை.

அன்று சாயங்காலம் என் பெஞ்சில் உட்கார்ந்து
டீயை ஆறவிட்டுக் குடித்தார்.
"ஐப்பசி முழுக்க விட்டுட்டு
கார்த்திகை ஒண்ணுக்கு வர்ற முடவனுக்கும்
காவிரி புண்ணியம் தருது, ஜெகதா.
நம்ம கோர்ட்டுக்கு அஞ்சு மணி."

நேற்று அதை நினைத்துக்கொண்டே அடித்தேனோ என்னவோ,
கடைசி வரியில் விரல் பழக்கம் முந்திக்கொண்டது:
'தங்கள் பொன்னான வாக்குமூலத்தை அளித்து
வெற்றிபெறச் செய்ய வேண்டுகிறேன்.'

சார் படித்தார். அந்த வரியில் நின்றார்.
ஜெராக்ஸ் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை.
"மூலத்த எடுத்துடவா சார்?"
"எடு."

இருநூற்றைம்பது பிரதி, இளநீலத் தாள்.
துலாக் கட்டத்தில் இந்த வருஷமும் ஆறு வற்றி
போர் தண்ணீர்தான் விடுகிறார்களாம்;
விடியக் காலையில் முழுகிவிட்டு
நேரே பூத் வாசலுக்கு வந்துவிடுவேன் என்றார்.
ஈரத்தலையோடு கும்பிட்டால்
பத்து ஓட்டு கூட விழும்
என்று ஜூனியர் சொல்லியிருக்கிறான்.

தப்பாய் அடித்த தாளை நான் கிழிக்கவில்லை.
பின்பக்கம் காலி. கணக்கெழுத ஆகும்.
எழுதினேன்:

சட்டநாதன் சார், ஒரு பக்கம்,
முப்பது ரூபாய்.
பாக்கி.