மாசு என்று எழுதினேன்

ஐப்பசி. மூன்று நாளாய் மழை.
காரைக்குடி, கழனிவாசல் சாலை,
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் லேப்.
இன்குபேட்டர் முப்பத்தேழு டிகிரியில்
தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது.

சாத்தையா, ஐம்பத்து நான்கு, சாக்கோட்டைப் பக்கம்.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
காசநோய் என்று மாத்திரை கொடுத்தும்
இறங்க மறுக்கும் காய்ச்சல்.

அவர் ரத்தத்தில் முளைத்ததை
முதலில் நான் மதிக்கவில்லை.
வெளிறிய புள்ளிகள், சுருங்கிய ஓரம்,
கோடையில் ஊருணித் தரை போல.
ஊசி குத்திய தோலில் ஒட்டியிருந்திருக்கும்,
காற்றில் வந்திருக்கும்.
படிவத்தில் 'மாசு' என்று எழுதி
தட்டை ஆட்டோக்ளேவில் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

மூன்று நாள் கழித்து
ஈரலில் எடுத்த சீழ் வந்தது.
அதிலும் அதே ஆள்.

தட்டை முகரக் கூடாது. அதுதான் முதல் பாடம்.
நான் முகரவில்லை.
இன்குபேட்டர் கதவைத் திறந்ததுமே
அறைக்குள் வந்து நின்றது
உழுத வயல்.

நுண்ணோக்கியில்
இரு முனை சிவந்து, நடு வெளுத்து
சேலை மடிப்பில் குத்தும் ஊக்குகள்.
ஊக்கு ஊக்காய்
ஒரு மனிதரைக் கழற்றிக்கொண்டிருந்தன.

மாசு என்றால் எங்கள் பாஷையில்
வெளியிலிருந்து வந்தது.
சாத்தையாவுக்கு எது வெளி?
நாற்பது வருடம் முழங்கால் வரை சேற்றில்.
காலில் உணர்ச்சி மரத்து ஆறு வருடம் ஆகிறது,
குதிகால் வெடித்ததே தெரியாது.
திறந்து கிடந்தது.
மழை தட்டியெழுப்பிய ஒருவன் நுழைந்து பார்த்தான்.
உள்ளே இனிப்பாய் இருந்தது.

டாக்டர் பெனிட்டாவை அழைத்தேன்.
"அது மாசு இல்லை டாக்டர். நான் எழுதினது தப்பு."
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு மருந்தின் பெயரை
யாருக்கோ எழுத்துக்கூட்டிச் சொன்னார்,
"ஓடுங்க" என்றார்.

அன்றிரவு தூக்கம் இல்லை.
அந்த வயலின் ஒரு சிட்டிகை மண்ணில்
எங்கள் மாவட்ட வாக்காளர் பட்டியலைவிட
நீளமான பட்டியல்.
அதில் ஒருத்தி கடலைச் செடியின் வேரில் குடிசை போட்டு
காற்றைப் பிடித்துச் சோறாக்குகிறாள்.
முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு, ஈறு மாதிரி.
ஒருத்தன் செத்த கருவேல இலையைத் தின்று தீர்க்கிறான்.
முதல் தூறலில் நாம் மூச்சை இழுத்து
"ஆகா, மழை" என்கிறோமே
அது ஒருவனுடைய வியர்வை.
அவன் வம்சத்தில் வந்த மருந்துதான்
காசநோயை முதலில் பணிய வைத்தது.
சாத்தையாவுக்கு வராத அதே காசநோயை.

இவர்களில் யாருக்கும்
நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் கிடையாது.
இவனுக்கும்தான்.

தை மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார்.
பதினோரு கிலோ குறைந்த உடம்பு,
ஒரு சைஸ் பெரிய ரப்பர் பூட்ஸ்,
பஸ் ஸ்டாண்டில் முந்நூற்றைம்பது ரூபாயாம்.
"வயல்ல எல்லாரும் சிரிக்கிறாக" என்றார்.
"மாத்திரை?"
"நிறுத்தலை. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே."

ஊசி ஏறும்போது கேட்டார்:
"எங்கிட்ட எடுத்த அந்தக் கிருமியை
என்ன பண்ணினிய?"
"கொன்னாச்சு. ஆவியில வேகவச்சு."
"அடப் பாவமே" என்றார் சாத்தையா.
"அதுவும் எங்க மண்ணுதானம்மா."

அந்த மூன்று நாளைப் பற்றி
அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க என்றேன்.

பழைய பதிவேட்டில் அந்தச் சொல்லை
நான் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது.
பக்கத்தில் திருத்தம், தேதி, கையெழுத்து.

அவர் இறங்கிப் போனபின்
தரையில் இரண்டு பூட்ஸ் தடம், ஈரச் சேறு,
ஒன்றின் நடுவே ஒற்றை வைக்கோல்.
ஃபீனாயில் வாளியோடு
கொஞ்ச நேரம் நின்றேன்.

துடைத்தேன்.