ஒரு மில்லிமீட்டர்

பர்கூர் ரோட்டில் எங்கள் மாங்கூழ் ஃபேக்டரிக்கு
செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது கன்டெய்னர்,
சென்னைத் துறைமுகம் வரை போய்.
கூழ் கெடவில்லை.
டப்பா உப்பவில்லை.
லேபிளில் இங்கிலீஷைவிட பிரெஞ்சு
ஒரு மில்லிமீட்டர் சின்னதாக இருந்தது.

பன்னிரண்டாயிரத்து அறுநூறு டப்பா.
உரி, துடை, ஒட்டு.
ராத்திரி ஷிப்டுக்கு முட்டை பிரியாணி உண்டு
என்றார் சூப்பர்வைசர் திம்மராஜ்.

எந்த ஊர்க்காரனுக்கு இவ்வளவு ரோஷம் என்று
தெலுங்கில் கேட்டாள் நாகவேணி.
கனடா என்றேன்.
"கன்னடாவா?"
தன்னைத்தான் சொல்கிறோம் என்று நிமிர்ந்தாள்
தளியிலிருந்து வரும் கௌரம்மா.
சிரித்த சிரிப்பில்
ஷம்ஷாத்துக்குக் கண்ணெல்லாம் பசை.

லேபிள் சரிபார்ப்பது என் வேலை.
இன்னொரு தரம் தப்பினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அதனால்தான் பிரியாணி ஆறும்வரை
போனில் தேடிப் படித்தேன்.
இரட்டை நாக்கு என்றால் நம்மூரில் வசவு.
ஒரு தேசமே அப்படி இருக்கிறது.

முதலில் போனவன் பிரெஞ்சுக்காரன்.
மீனுக்குப் போனான்,
தொப்பி தைக்க ஆகும் ஏதோ மிருகத்தின் தோலுக்குப் போனான்,
ஆற்றோரமாக நீள நீளமாய்க் கொல்லை பிரித்தான்.
இங்கிலீஷ்காரன் தெற்கே கடலோரம் பெருகி
மேலே ஏறி வந்தான்.
ஒரு செப்டம்பர் காலை
கோட்டைக்கு வெளியே மேட்டு நிலத்தில் சண்டை.
நாலு கூடை பெங்களூரா தோல் சீவுகிற நேரம்கூட இல்லை,
முடிந்துவிட்டது.
இரண்டு தளபதியும் செத்தார்கள்.
நாலு வருஷம் கழித்து ராஜாக்கள் கணக்குத் தீர்த்தார்கள்:
கரும்புத் தீவு எனக்கு,
பனி உனக்கு.

அந்தப் பனிக்குள் அறுபது எழுபதாயிரம் பேர் இருந்தார்கள்.
கேட்டவர் இல்லை.
பிரபுக்களில் பல பேர் கப்பலேறினார்கள்.
ஏர் வைத்திருந்தவன் எங்கே போவான்?
சாமியும் சொத்து வழக்கும்
அவன் வழக்கப்படியே இருக்கட்டும் என்று விட்டது
தயவில் இல்லை;
தெற்கே சொந்த ஜனமே முறைத்துக்கொண்டிருந்தது,
வடக்கிலும் எதற்குப் பகை.
அப்புறம் வீட்டுக்குப் பத்து, பன்னிரண்டு என்று
பெண்கள் பெற்றார்கள்.
அந்த மொழி பிழைத்த கதையில்
எனக்கு விளங்கியது இந்த வரிதான்.
பிரசவ வலியில் எந்த மொழியில் கத்தினாளோ
அதில்தான் பிள்ளையும் அழும்.
எழுத்தளவுக்குச் சட்டம் வர
இருநூறு வருஷம் ஆனது.

ஜன்னலுக்கு வெளியே சையத் பாஷா மலை.
அதே இரண்டு பேரும்
இந்தப் பாறைப் பக்கமும் வந்தவர்கள்தான்,
ஒருவன் மைசூருக்குத் துணை,
ஒருவன் மைசூருக்குப் பகை.
பிரெஞ்சு இங்கே ஒரு வாய்க்குக்கூடத் தங்கவில்லை.
இங்கிலீஷ் எங்கள் கழிவறைக் கதவு வரை வந்துவிட்டது.

"மாங்க்," என்று பிரெஞ்சைச் சொல்லிப் பார்த்தாள் ஷம்ஷாத்.
மலையாளக் கரையில் எவனோ கப்பலில் ஏற்றிய மாங்காதான்,
வால் போய் வந்திருக்கிறது.
இங்கிலீஷ்காரனிடமும் அதே காய்.
இரண்டையும் எங்கள் டப்பா மேல் எழுதி
எங்களுக்கே அளவு சொல்கிறார்கள் என்றேன்.
ஒட்டு, ஒட்டு என்றார் திம்மராஜ்.

அஞ்செட்டி மலையிலிருந்து வருகிற கெம்பி
அதுவரை வாய் திறக்கவில்லை.
அவள் பேச்சுக்கு எழுத்து கிடையாது.
"இவங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி
அங்க யாரு இருந்தா?"
தேடினேன்.
பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.
எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல்
ஏழெட்டு வாசித்து நிறுத்தினேன்.
டப்பாவை விளக்குக்குக் காட்டிச்
சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
அவர்களுக்கு இடம் இல்லை.
பார்கோடுக்கு இருந்தது.

மூன்றே காலுக்கு அடிக்கோல் வைத்தேன்.
அவனுக்கு மூன்று. இவனுக்கு மூன்று.
சரி என்று கையெழுத்துப் போட்டேன்,
இங்கிலீஷில்;
ஆபீஸ் கேட்டது அதைத்தான்.
கெம்பி அட்டைப்பெட்டிமேல் தூங்கிப்போயிருந்தாள்.
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட பழைய லேபிளை
உரிக்கப் பார்த்தேன்,
தூக்கத்திலேயே ஏதோ சொன்னாள்.
எங்கள் ஐந்து பேரில்
ஒருத்திக்கும் புரியவில்லை.